சேர்மாதேவிப் பந்தி

அமெரிக்காவில் குடியேறிவிட்ட திருநெல்வேலிக்காரர்களிடம் பேசிப் பாருங்கள். பிள்ளை ஏழாம் வகுப்பில் இருந்தால் பேச்சு எப்படியும் ஒரு தேர்வில் வந்து நிற்கும். பதினேழு வயதுக்காரர்கள் கல்லூரியில் சேர்வதற்காக எழுதும் தேர்வையோ அதற்கு இணையான ஒன்றையோ பன்னிரண்டு வயதுப் பிள்ளை எழுதும். தேறினால் கோடை விடுமுறையில் மூன்று வாரம் ஏதாவதொரு கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும். படிப்பது பள்ளிப் பாடம் கிடையாது. எண் கோட்பாடு, தர்க்கம், மரபணுவியல், கவிதை என்று பிள்ளைக்குப் பிடித்த ஒரே ஒரு பாடம், நாள் முழுக்க. கட்டணம் பல ஆயிரம் டாலர். மகளை அனுப்பிவிட்டு வந்த நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "போனஸ் பூராவும் போச்சு வே. ஆனா புள்ள திரும்பி வந்ததும் மூணு நாள் அழுதா, மறுபடி போகணும்னு."

இந்த முகாம்களைப் பற்றிய விவாதமெல்லாம் தேர்வைச் சுற்றியே நடக்கிறது. யார் கெட்டிக்காரப் பிள்ளை, அதை அளக்க முடியுமா, அளப்பது நியாயமா? நல்ல கேள்விகள்தான். ஆனால் எனக்கு இன்னொரு இடம் அதைவிட முக்கியமாகப் படுகிறது: சாப்பாட்டுக்கூடம். பிள்ளைகளை ஓரிடத்தில் தங்கவைக்கிறோம் என்றாலே, யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடுவது என்ற கேள்வி வந்துவிடுகிறது. தாமிரபரணிக் கரையில் அந்தக் கேள்வி நூறு வருடங்களுக்கு முன்னால் ஒரு பள்ளியை உலுக்கியது. தமிழ்நாட்டு அரசியல் பிறகு போன திசையிலும் அதற்குப் பங்கு உண்டு. அந்தக் கதைக்குப் போகுமுன் முகாம்களின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

பால்டிமோரும் சைபீரியாவும்

1968 கோடையில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கணினி வகுப்புக்கு ஜோசப் பேட்ஸ் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் வந்தான். ஆசிரியருக்கே அவனைச் சமாளிக்க முடியவில்லை. அங்கே பேராசிரியராக இருந்த ஜூலியன் ஸ்டான்லியிடம் விஷயம் போனது. ஸ்டான்லி உளவியல் அளவீட்டில் வல்லவர். பையனுக்குக் கல்லூரி நுழைவுத் தேர்வை வைத்துப் பார்த்தார். பெரியவர்களையே திணறடிக்கும் மதிப்பெண் வந்தது. 1969இல், பதின்மூன்று வயதில், பேட்ஸ் பல்கலைக்கழக மாணவன் ஆகிவிட்டான்.

இவனைப் போல இன்னும் எத்தனை பேர் என்று ஸ்டான்லிக்குத் தோன்றியது. 1971இல் ஓர் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கி, 1972இல் முதல் திறன் தேடலை நடத்தினார். சுமார் 450 பிள்ளைகள் எழுதினார்கள். 1979இல் அதற்கெனத் தனி அலுவலகம் உருவானது. 1980இல் தங்கிப் படிக்கும் கோடை வகுப்புகள் தொடங்கின. அதே காலத்தில் டியூக், நார்த்வெஸ்டர்ன் முதலிய பல்கலைக்கழகங்களும் இதே வழியில் இறங்கின. பின்னாளில் மார்க் ஜக்கர்பெர்க், லேடி காகா எனப் பலர் ஹாப்கின்ஸ் முகாம் வழியாக வந்தவர்கள்.

ஸ்டான்லியின் தேர்விலிருந்து வந்த ஒரு கணக்கு பெரிய சண்டையைக் கிளப்பியது. 1980களின் தொடக்கத்தில், பதின்மூன்று வயதுக்குள் கணிதத்தில் 800க்கு 700 அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களில் ஒரு பெண்ணுக்குப் பதின்மூன்று ஆண்கள் இருந்தார்கள். பிறவியிலேயே வித்தியாசம் என்று சிலர் தீர்ப்பெழுதிவிட்டார்கள். சில பத்தாண்டுகளில் அந்த விகிதம் ஒன்றுக்கு மூன்று, நான்கு என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. அதற்குள் மனித மூளை மாறியிருக்க வழியில்லை. பெண் பிள்ளைகளைப் பள்ளியும் வீடும் நடத்திய விதம்தான் மாறியிருக்க வேண்டும். தேர்வு பிள்ளையை அளக்கும்போது பிள்ளையைச் சுற்றியிருக்கும் ஊரையும் சேர்த்தே அளந்துவிடுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நம்ம ஊருக்கு வரும்போது தேவைப்படும்.

ஸ்டான்லிக்கு முன்பே சோவியத்தில் இது நடந்துவிட்டது. சைபீரியாவில், நோவோசிபிர்ஸ்க் பக்கத்தில் காட்டுக்குள் கட்டப்பட்ட அறிவியல் நகரத்தில், கணித மேதை லவ்ரென்தியெவும் அவரது சகாக்களும் ஒரு போட்டி நடத்தினார்கள். தூரத்துக் கிராமத்துப் பிள்ளைகளும் எழுதும்படி கணக்குகள் தபாலில் போயின. தேறியவர்களை 1962 கோடையில் வரவழைத்துத் தங்கவைத்துப் பாடம் சொன்னார்கள். 1963 ஜனவரியில் அதிலிருந்தே ஒரு நிரந்தர உறைவிடப் பள்ளி பிறந்தது. அதே ஆண்டு மாஸ்கோவில் கொல்மொகொரொவும் ஒன்றைத் தொடங்கினார். மிர் பதிப்பகத்தின் கெட்டி அட்டைப் புத்தகங்களை என்.சி.பி.எச். கண்காட்சியில் மலிவாக வாங்கி வளர்ந்த வீடுகள் நெல்லையில் நிறைய. அந்தப் புத்தகங்களுக்குப் பின்னால் இருந்தது இந்த உலகம்தான்.

பால்டிமோரிலும் சைபீரியாவிலும் நடந்ததில் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. முகாமுக்குப் போய்வந்தவர்கள் வகுப்பைப் பற்றி ஒரு பங்கு பேசினால், வகுப்புக்கு வெளியே நடந்ததைப் பற்றி மூன்று பங்கு பேசுகிறார்கள். சொந்த ஊர்ப் பள்ளியில் 'படிப்ஸ்' என்று ஒதுக்கப்பட்ட பிள்ளை, தன்னைப் போல இன்னும் முப்பது பேர் இருப்பதைச் சாப்பாட்டு மேசையில் கண்டுபிடிக்கிறது. பாடத்தைப் புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம். இதைப் புத்தகத்தில் படிக்க முடியாது. பெற்றோர் பல ஆயிரம் டாலர் கொடுப்பது பெரும்பாலும் அந்த மேசைக்குத்தான்.

தாமிரபரணிக் கரையில்

கோடை முகாம் என்ற வடிவம் நமக்குப் புதிது. ஆனால் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து, தங்கவைத்து, பெரிய காரியத்துக்குத் தயார் செய்யும் முயற்சி இந்தப் பள்ளத்தாக்கில் இருநூறு வருடங்களாக நடந்து வருகிறது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ், உபதேசிகளையும் ஆசிரியர்களையும் உருவாக்க விடுதியோடு கூடிய பள்ளி நடத்தினார். 1832இல் தமிழில் 'பூமி சாஸ்திரம்' எழுதியவரும் இவரே. எல்லாச் சாதிப் பையன்களும் சேர்ந்து உண்ண வேண்டும் என்று அவர் சொன்னபோது, பாடத்துக்கு வராத எதிர்ப்பு சாப்பாட்டுக்கு வந்தது. பூகோளம் படிக்கச் சம்மதித்த குடும்பங்களுக்குப் பந்தி சம்மதமில்லை. 1840களில் சாயர்புரத்தில் ஜி.யு.போப்பும் இப்படி ஒரு செமினரியை எழுப்பினார். பாளையங்கோட்டைக்குத் 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு' என்ற பட்டம் வந்ததற்கு இந்த விடுதிப் பள்ளிகளின் வரிசைதான் காரணம்.

அடுத்த பெரிய முயற்சி முற்றிலும் வேறொரு திசையிலிருந்து வந்தது. வ.வே.சு. அய்யரை நாம் 'குளத்தங்கரை அரசமரம்' எழுதியவராக அறிவோம். லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போய், புரட்சிக்காரராகிப் புதுச்சேரிக்கு வந்து, பத்து வருடம் அங்கே இருந்தவர். ஆங்கிலேய இந்தியாவுக்குத் திரும்பி 'தேசபக்தன்' நடத்தினார், ராஜத்துரோக வழக்கில் பெல்லாரிச் சிறைக்குப் போனார். சிறையில் கம்பராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதினார். வெளியே வந்தவர் 1922இல் சேரன்மகாதேவியில், நம்ம வாய்க்குச் சேர்மாதேவியில், தமிழ்க் குருகுலம் தொடங்கினார். தாய்மொழியில் கல்வி, இலக்கியம், கைத்தொழில், உடற்பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில். 'பாலபாரதி' என்ற மாத இதழும் அங்கிருந்து வந்தது.

குருகுலம் தேர்வு வைத்துப் பொறுக்கிய இடம் இல்லை. ஆனாலும் அது எல்லோருக்குமான பள்ளியாகவும் இருக்கவில்லை. நாளைய தேசத்தை நடத்தப்போகும் பிள்ளைகளை இன்றே தயார் செய்வது என்ற கனவு அதற்குப் பின்னால் இருந்தது. தேசிய இயக்கக் குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்பின. ஊர் ஊராக நன்கொடை வந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, முதல் தவணையாக ஐயாயிரம் கொடுத்தது. அன்றைக்கு அது சின்னத் தொகை இல்லை.

பிறகு வீட்டுக்கு வந்த பிள்ளைகள் வழியாக ஒரு செய்தி கசிந்தது. பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. தண்ணீரும் தனி. பின்னாளில் சென்னை மாகாண முதல்வரான ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகனும் அங்கே படித்தான். அவன் வீட்டில் சொன்னதும் இந்த விவகாரத்தில் பேசப்படுவது உண்டு. அய்யர் தரப்பின் விளக்கம் வேறு மாதிரி: இரண்டு பையன்கள் மட்டுமே தனியாக உண்கிறார்கள், சேர்க்கும்போது அவர்களின் பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு அது, வாக்கை மீற முடியாது.

இரண்டு பேரா, எல்லோருமா என்று இன்றைக்கும் வாதம் ஓடுகிறது. என்னைக் கேட்டால் அந்த எண்ணிக்கையில் பெரிய விஷயம் இல்லை. பத்து வயதுப் பையனின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். வகுப்பில் ஒன்றாகத் திருக்குறள் சொல்கிறான், ஒன்றாகத் தண்டால் எடுக்கிறான், ஒன்றாக ஆற்றில் குளிக்கிறான். சாப்பாட்டு மணி அடித்ததும் பக்கத்தில் இருந்தவன் வேறு அறைக்குப் போகிறான். காலையிலிருந்து படித்த அத்தனை பாடத்தையும் அந்த ஒரு மணி அழித்துவிடுகிறது. போனவன் ஒருத்தனா இருபது பேரா என்பதை வைத்து, தங்கிவிட்டவனுக்குப் புரிவது மாறாது.

பெரியார் அப்போது தமிழ்நாடு காங்கிரஸின் செயலாளர். வைக்கம் தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சிறை சென்று வந்தவர். இரண்டாம் தவணை ஐயாயிரத்தைத் தர மறுத்தார். டாக்டர் வரதராஜுலு நாயுடு தன் 'தமிழ்நாடு' பத்திரிகையில் தொடர்ந்து எழுதினார். 1925 மார்ச்சில் தமிழகம் வந்த காந்தியிடம் விஷயம் போனது. ஏற்கெனவே கொடுத்த வாக்கு இருக்கட்டும், இனிமேல் அப்படி நிபந்தனை போடுபவர்களைச் சேர்க்காதீர்கள் என்பது அவர் சொன்ன சமரசம். யாருக்கும் அது போதவில்லை. ஏப்ரலில் திருச்சியில் கூடிய காங்கிரஸ் கமிட்டியில் எஸ்.ராமநாதன் தீர்மானம் கொண்டுவந்தார்: தேசிய இயக்கத்தில் பங்குபெறும் எந்த அமைப்பும் பிறப்பை வைத்து உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாது. 19க்கு 7 என்று நிறைவேறியது. ராஜாஜி உள்ளிட்ட சிலர் கமிட்டியிலிருந்து விலகினார்கள். அய்யர் அந்த மாதமே குருகுலப் பொறுப்பிலிருந்து இறங்கினார்.

ஜூன் தொடக்கத்தில் அவர் மாணவர்களோடும் பிள்ளைகளோடும் பாபநாசம் மலைக்கு உல்லாசப் பயணம் போனார். கல்யாண தீர்த்தத்தைத் தாண்டும்போது மகள் சுபத்திரை தவறி விழுந்தாள். காப்பாற்றக் குதித்த அய்யரையும் தாமிரபரணி கொண்டுபோனது. அவருக்கு 44 வயது. அய்யர் இல்லாத குருகுலம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறினார். அதற்குப் பிறகு நடந்தது எல்லோரும் அறிந்த வரலாறு.

அய்யரை வில்லனாக்கி இந்தக் கதையை முடித்துவிடுவது சுலபம். அவர் மொழிக்கும் நாட்டுக்கும் செய்தது சின்னக் காரியமில்லை. ஆனால் அவர் பாடத்திட்டத்துக்குச் செலவழித்த யோசனையில் பத்தில் ஒரு பங்கைப் பந்திக்குச் செலவழித்திருந்தால் குருகுலம் பிழைத்திருக்கும். பந்தியை நிர்வாக விஷயமாக, பெற்றோரோடு பேசித் தீர்த்துக்கொள்ளும் சில்லறை ஏற்பாடாக அவர் நினைத்துவிட்டார். அங்கேதான் பள்ளி விழுந்தது.

எட்டயபுரத்திலிருந்து நாங்குநேரி வரை

முப்பது வருடம் கழித்து அதே பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் இதற்கு ஒரு பதில் வந்தது. 1956இல் எட்டயபுரத்தில் காமராஜர் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பசிக்கான திட்டம் என்று அதை நினைவில் வைத்திருக்கிறோம், சரிதான். கூடவே, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் தட்டு வைத்து உட்கார்ந்த காட்சியை அது தமிழ்நாடு முழுக்க அன்றாடம் ஆக்கியது. பந்தியை அரசே பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்த மாதிரி.

ஆனால் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான திட்டங்கள் வேறு பாதையில் போயின. 1963இல் தேசிய அறிவியல் திறன் தேடல் டெல்லியில் தொடங்கி, அடுத்த ஆண்டே 350 உதவித்தொகைகளுடன் நாடு முழுக்கப் பரவியது. தேர்வானவர்களுக்குக் கோடைப் பள்ளிகளும் நடந்தன. 1985-86இல் நவோதயா பள்ளிகள் வந்தன. ஆறாம் வகுப்பில் நுழைவுத் தேர்வு, குறைந்தது 75 சதவீத இடம் கிராமப் பிள்ளைகளுக்கு, தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். தமிழ்நாடு மும்மொழிக் கொள்கையை ஏற்காததால் இங்கே ஒன்றுகூட இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த அரசியலில் நான் தமிழ்நாட்டின் பக்கம்தான். ஆனால் அந்த இடத்தில் நாம் என்ன வைத்தோம் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

நாம் வைத்தது தேர்வுகளை. எட்டாம் வகுப்புக்கு வருவாய் வழித் திறன் தேர்வு இருக்கிறது: தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 6,695 இடம், தேறினால் மாதம் 1,000 ரூபாய். ஒன்பதாம் வகுப்புக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு: மாவட்டத்துக்கு 50 பையன்கள், 50 பெண்கள், ஆண்டுக்கு 1,000 ரூபாய். அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறிப் போய் அப்படி ஒரு தேர்வை எழுதியவன் நான். அந்த ஆயிரம் ரூபாய் எங்கள் வீட்டில் பெரிய விஷயம். ஆனால் என்னோடு தேறிய மற்ற 99 பேரை நான் பார்த்ததே இல்லை. ராதாபுரத்தில் ஒருத்தியும் சங்கரன்கோவிலில் ஒருத்தனும் என்னைப் போலவே பகா எண்களைப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்திருக்கலாம். அரசுக்கு எங்கள் நூறு பேரின் பெயரும் முகவரியும் தெரியும். எங்களுக்கு எங்களைத் தெரியாது. கண்டுபிடிப்பதில் நாம் கெட்டி. கண்டுபிடித்தவர்களை ஒரே அறையில் உட்காரவைக்கத்தான் இத்தனை வருடம் தோன்றவில்லை. கொக்கிரகுளத்தில் ஆற்றை ஒட்டி 1987இல் திறந்த மாவட்ட அறிவியல் மையத்தைப் போன்ற நல்ல இடங்கள் உண்டு. ஆனால் அங்கே கற்கப் போகும் பிள்ளைகளும் சாயங்காலம் அவரவர் தெருவுக்குத் திரும்பிவிடுவார்கள்.

அவரவர் தெரு என்பதுதான் இங்கே பிரச்சினை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பள்ளி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் அவனோடு படித்த பையன்கள். அடுத்த மாதம், எட்டயபுரம் வட்டத்தில், காமராஜர் பந்தி போட்ட அதே வட்டாரத்தில், பட்டியல் சாதிப் பெண் சமைத்த காலை உணவைச் சாப்பிடாமல் பிள்ளைகள் விலகி நின்ற செய்தி வந்தது. அமைச்சரும் எம்.பி.யும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. பள்ளிகளில் சாதியைப் பற்றி ஆராய அமைக்கப்பட்ட நீதிபதி சந்துருவின் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறுவரை அது பேசியது. பால்டிமோர் தேர்வு ஊரையும் சேர்த்து அளந்தது என்றேனே, நெல்லையில் தேர்வு எழுத வரும் பிள்ளை தெருவையே மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வருகிறது.

2021க்குப் பிறகு தமிழ்நாட்டில் மாவட்டத்துக்கு ஒன்றாக அரசு மாதிரிப் பள்ளிகள் வந்திருக்கின்றன. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை, தங்கிப் படிக்கும் பள்ளிகள். திருநெல்வேலியிலும் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து ஐ.ஐ.டி.க்கும் தேசிய நிறுவனங்களுக்கும் போன பிள்ளைகளின் படம் பேப்பரில் வரும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பள்ளிகளைப் பற்றி நாம் கேட்கும் கேள்வி எத்தனை பேர் எந்த நுழைவுத் தேர்வில் தேறினார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. யார் அறையில் யார், யார் தட்டுக்குப் பக்கத்தில் யார் தட்டு, விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் பிள்ளை சக மாணவனை ஊருக்குக் கூட்டிப் போக முடிகிறதா? இதற்கெல்லாம் எந்த அட்டவணையிலும் கட்டம் கிடையாது.

மலைக்கு அந்தப் பக்கம் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் குழந்தைகள் திருவிழாக்களில் ஒரு ஊர்ப் பிள்ளைகள் இன்னொரு ஊருக்குப் போவார்கள். தங்குவது மண்டபத்தில் இல்லை, அந்த ஊர்ப் பிள்ளைகளின் வீட்டில். பகலில் ஒன்றாகச் சோதனைகள் செய்வார்கள், ராத்திரி அந்த வீட்டு அடுப்பில் வெந்ததைச் சாப்பிட்டு அந்த வீட்டுத் திண்ணையில் தூங்குவார்கள். அடுத்த முறை அந்த வீட்டுப் பிள்ளை இவன் வீட்டுக்கு வரும். பின்னர் அறிவியல் இயக்கங்கள் வழியாகத் தமிழகத்துக்கும் இந்த முறை வந்தது. அதில் நுழைவுத் தேர்வு கிடையாது, கட்டணம் கிடையாது. ஆனால் ஹாப்கின்ஸ் முகாமில் மேசையில் நடப்பது இதில் திண்ணையில் நடக்கிறது. சாதி பார்க்கும் ஊரில் அது இன்னும் ஒரு படி மேலே போகிறது, ஏனென்றால் பிள்ளையோடு சேர்ந்து வீடும் பாடம் படிக்கிறது.

ஒவ்வொரு ஆண்டும் நம் மாவட்டத்தில் தேறும் அந்த நூறு பேரை மே மாதத்தில் மூன்று வாரம் ஒரு கல்லூரி விடுதியில் தங்கவைக்க எவ்வளவு ஆகிவிடும்? பாளையங்கோட்டையில் கோடையில் காலியாகக் கிடக்கும் விடுதிகளுக்குப் பஞ்சமில்லை. கணக்கும் தமிழும் பூச்சிகளும் நட்சத்திரங்களும் சொல்லித்தர ஆட்கள் கிடைப்பார்கள், நானே லீவு போட்டுவிட்டு வருவேன். எண் கோட்பாட்டுக்கு யார், வானியலுக்கு யார் என்று பாடத்திட்டக் குழு கூடிப் பேசட்டும். அதற்கு முன்னால் ஒரு குழு உட்கார்ந்து பந்தியை எழுத வேண்டும்: அறைகளைக் குலுக்கல் போட்டு நிரப்புவது, பரிமாறும் முறையை எல்லோருக்கும் சுழற்றிவிடுவது, சமையலுக்கு யார் வருகிறார்கள் என்று சேர்க்கைப் படிவத்திலேயே சொல்லிவிடுவது. தனிச் சாப்பாடு கேட்கும் பெற்றோருக்கு வாக்கு எதுவும் கொடுக்காமல், படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். 1925இல் சேர்மாதேவியில் ஒருவர் அதைச் செய்திருக்கலாம்.